‘குற்றவாளி அல்ல’ என்று தீர்ப்பு… ஆனால் முழு விடுதலைக்கு 40 வருஷம்! மனநலக் காவலில் இருந்து வெளியே வருவது எப்படி?

2022 ஜூன் 15. அமெரிக்காவின் வர்ஜீனியா மாகாணத்தில் வசித்த ஜான் ஹிங்க்லி என்ற 67 வயது முதியவர் மீதிருந்த கடைசி நீதிமன்றக் கட்டுப்பாடும் அன்றுதான் விலகியது. 1981 மார்ச் 30 அன்று வாஷிங்டன் ஹில்டன் ஹோட்டல் வாசலில் அதிபர் ரொனால்ட் ரீகனைச் சுட்டவர் இவர்தான்.

செய்தி வந்ததும் இரண்டு விதமான கேள்விகள் எழுந்தன. ‘அதிபரையே சுட்டவனை எப்படி வெளியே விடலாம்?’ என்பது ஒன்று. இரண்டாவது கேள்வி அதற்கு நேர் எதிரானது. ‘1982-லேயே இவர் குற்றவாளி இல்லை என்று ஜூரி சொல்லிவிட்டதே, பிறகு எதற்காக 40 வருஷம் பிடித்து வைத்திருந்தார்கள்?’

இரண்டாவது கேள்வியை நிறையப் பேர் கேட்பதில்லை. ஆனால் விஷயமே அதில்தான் இருக்கிறது.

என்ன நடந்தது?

‘டாக்ஸி டிரைவர்’ படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்து, அதில் நடித்த ஜோடி ஃபாஸ்டர் மீது பித்துப் பிடித்த நிலையில் இருந்தார் 25 வயது ஹிங்க்லி. அவரது கவனத்தை ஈர்க்க அதிபரைக் கொல்வதுதான் வழி என்று முடிவு செய்தார். இரண்டு விநாடிக்கும் குறைவான நேரத்தில் ஆறு முறை சுட்டார். ரீகன், ஒரு பாதுகாப்பு அதிகாரி, ஒரு போலீஸ்காரர் என மூவரும் காயத்தோடு பிழைத்தார்கள். அதிபரின் செய்திச் செயலாளர் ஜேம்ஸ் பிராடிக்கு மட்டும் தலையில் குண்டு பாய்ந்தது. மீதி வாழ்க்கை முழுவதும் அவருக்கு வீல்சேர்தான்.

1982 ஜூன் 21-ல் தீர்ப்பு வந்தது. 13 குற்றச்சாட்டுகளிலும் ‘மனநோய் காரணமாகக் குற்றவாளி அல்ல’ என்றது ஜூரி. நாடே கொதித்தது. அன்றைய கூட்டாட்சிச் சட்டப்படி, சுட்ட நேரத்தில் அவர் தெளிவான மனநிலையில் இருந்தார் என்பதை அரசுத் தரப்புதான் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டும். அது முடியவில்லை. இந்தக் கோபத்தின் விளைவாகத்தான் 1984-ல் கூட்டாட்சிச் சட்டம் மாற்றப்பட்டு, மனநோயை நிரூபிக்கும் பொறுப்பு குற்றம்சாட்டப்பட்டவர் தலையில் வைக்கப்பட்டது.

தீர்ப்புக்குப் பிறகு ஹிங்க்லி வீட்டுக்குப் போகவில்லை. வாஷிங்டனில் உள்ள செயின்ட் எலிசபெத்ஸ் மனநல மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டார். எத்தனை நாளைக்கு? அதற்குத்தான் பதில் கிடையாது. தண்டனை பெற்றவருக்கு ஒரு தேதி உண்டு. இவருக்கு இல்லை.

இந்த ‘தேதி இல்லாத காவல்’ எங்கிருந்து வந்தது?

இது புதுசு இல்லை. 1800 மே மாதம் லண்டன் ட்ரூரி லேன் தியேட்டரில் மன்னர் மூன்றாம் ஜார்ஜை நோக்கிச் சுட்டார் ஜேம்ஸ் ஹேட்ஃபீல்டு என்ற முன்னாள் ராணுவ வீரர். போரில் தலையில் பட்ட வெட்டுக் காயங்களால் மனம் பிறழ்ந்தவர் அவர். குண்டு மன்னர் மேல் படவில்லை. நீதிமன்றம் ஹேட்ஃபீல்டைக் குற்றவாளி அல்ல என்றது.

அப்புறம்தான் சிக்கல். குற்றவாளி இல்லை என்றால் விட்டுவிட வேண்டியதுதானே? மன்னரைச் சுட்டவரை அப்படி விட யாருக்கும் மனசு வரவில்லை. பிடித்து வைக்கவோ தெளிவான சட்டம் இல்லை. உடனே நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டது. இப்படி விடுவிக்கப்படுபவர்களை ‘மன்னரின் விருப்பம் தெரியும் வரை’ காவலில் வைக்கலாம் என்றது அது. ஏற்கெனவே முடிந்த ஹேட்ஃபீல்டு வழக்குக்கும் அதைப் பொருத்தினார்கள். 1841-ல் இறக்கும் வரை அவர் வெளியே வரவில்லை. இடையில் ஒருமுறை தப்பி ஓடி டோவர் துறைமுகம் வரை போய்ப் பிடிபட்டார், அவ்வளவுதான்.

ஒரே ஒரு வழக்குக்காக அவசரமாகப் போட்ட சட்டம் அது. ஆனால் பிரிட்டிஷ் சட்ட மரபைப் பின்பற்றிய நாடுகளில் எல்லாம் அதன் சாயல் இன்றும் இருக்கிறது. அமெரிக்காவிலும் இருக்கிறது, இந்தியாவிலும் இருக்கிறது.

அதிபரைச் சுட்டால் சரி. ஜாக்கெட் திருடப் போனால்?

ஹிங்க்லி வழக்கை மட்டும் வைத்துப் பார்த்தால் ‘நல்லா வேணும்’ என்று தோன்றலாம். அதே செயின்ட் எலிசபெத்ஸ் மருத்துவமனையில் இருந்த இன்னொருவரின் கதையையும் பார்க்க வேண்டும்.

1975-ல் வாஷிங்டனில் ஒரு கடையில் ஜாக்கெட் ஒன்றைத் திருட முயன்றதாகப் பிடிபட்டார் ஒருவர். அந்தக் குற்றத்துக்கு அதிகபட்சத் தண்டனையே ஓராண்டுதான். மனச்சிதைவு நோய் இருந்ததால் 1976-ல் ‘குற்றவாளி அல்ல’ என்று தீர்ப்பானது. அவரும் மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டார். ஓராண்டு கடந்தும் விடவில்லை. ‘நான் தண்டனை வாங்கியிருந்தால்கூட இந்நேரம் வெளியே வந்திருப்பேனே’ என்பதுதான் அவர் தரப்பு வாதம்.

‘ஜோன்ஸ் எதிர் அமெரிக்கா’ என்ற அந்த வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 1983-ல் 5-க்கு 4 என்ற கணக்கில் அவர் தோற்றார். இது தண்டனை அல்ல, சிகிச்சையும் பாதுகாப்பும்தான் நோக்கம். எனவே தண்டனைக் காலத்தோடு ஒப்பிடவே கூடாது. நோய் தீரும் வரை அல்லது ஆபத்து நீங்கும் வரை வைத்திருக்கலாம் என்றது நீதிமன்றம். தீர்ப்பு வந்தபோது அவர் காவலுக்குப் போய் ஏழு வருஷம் ஆகியிருந்தது. ஒரு ஜாக்கெட்டுக்கு!

இதில் கவனிக்க வேண்டிய நுணுக்கம் ஒன்று உண்டு. எந்த வழக்கிலும் சிக்காத ஒருவரை மனநல மருத்துவமனையில் கட்டாயமாகச் சேர்க்க வேண்டும் என்றால், அவருக்கு நோய் இருக்கிறது, அவரால் ஆபத்து என்பதை அரசுதான் வலுவான ஆதாரத்தோடு காட்ட வேண்டும். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1979-லேயே இதைச் சொல்லிவிட்டது. ஆனால் ‘மனநோயால் குற்றவாளி அல்ல’ என்ற தீர்ப்பு வாங்கியவர் விஷயத்தில் பல இடங்களில் தராசு தலைகீழாகிவிடுகிறது. ‘நான் குணமாகிவிட்டேன், என்னால் ஆபத்து இல்லை’ என்பதை உள்ளே அடைபட்டிருக்கும் அவரே நிரூபிக்க வேண்டும்.

நடக்காத ஒன்றை, இனியும் நடக்காது என்று நிரூபிப்பது எப்படி? சட்டம் கேட்பது கிட்டத்தட்ட அதைத்தான்.

நோய் இல்லை, ஆனால் ‘ஆள் சரியில்லை’ என்றால்?

ஒன்பது வருஷம் கழித்து இதற்கு ஒரு கடிவாளம் வந்தது. லூசியானா மாகாணத்தில் வீடு புகுந்த வழக்கில் சிக்கிய ஒருவர், போதைப்பொருளால் வந்த மனப்பிறழ்வு காரணமாகக் குற்றவாளி அல்ல என்று அறிவிக்கப்பட்டு மருத்துவமனைக்குப் போனார். சில ஆண்டுகளில் மனப்பிறழ்வு சரியாகிவிட்டது. மருத்துவமனையே விடுவிக்கலாம் என்று பரிந்துரைத்தது. ஆனால், ‘சமூக விரோத ஆளுமை கொண்டவர், ஆபத்தில்லாதவர் என்று எங்களால் சான்று தர முடியாது’ என்றார்கள் மருத்துவர்கள். இந்த ஆளுமைக் கோளாறு ஒரு மனநோயாகவும் கருதப்படவில்லை, சிகிச்சையில் மாறக்கூடியதாகவும் கருதப்படவில்லை. மாகாணமோ, ஆபத்து இருக்கிறது என்ற காரணமே போதும் என்று அவரை உள்ளேயே வைத்தது.

‘ஃபூச்சா எதிர் லூசியானா’ என்ற இந்த வழக்கில் 1992-ல் உச்ச நீதிமன்றம், மறுபடியும் 5-க்கு 4 கணக்கில், அப்படி வைத்திருக்க முடியாது என்றது. மனநோய், ஆபத்து இரண்டும் சேர்ந்து இருந்தால்தான் மனநல மருத்துவமனையில் காவல். நோய் போய்விட்டால் அந்தக் காவலுக்கான அடிப்படையே போய்விடுகிறது. ‘இவர் எதையாவது செய்துவிடுவார்’ என்ற பயத்துக்காக ஒருவரைக் காலவரையின்றி அடைத்து வைக்கலாம் என்றால், சிறையில் தண்டனை முடித்து வெளியே வரும் பலரையும் அதே காரணம் சொல்லி அடைத்து வைக்க வேண்டியிருக்குமே!

ஆக, ஜோன்ஸ் தீர்ப்பு கதவைச் சாத்தியது. ஃபூச்சா தீர்ப்பு ஒரு சாவியைக் கொடுத்தது. அந்தச் சாவியைத் திருப்ப எவ்வளவு நாள் ஆகும் என்பதற்கு ஹிங்க்லி வழக்குதான் சரியான உதாரணம்.

படிப்படியாக ஒரு விடுதலை

சேர்ந்த ஐந்தாவது வருஷத்திலேயே, அதாவது 1987-ல், ஈஸ்டருக்கு அவரை வீட்டுக்கு அனுப்பலாம் என்று மருத்துவமனை அனுமதி கேட்டது. அந்தச் சமயத்தில்தான் தொடர் கொலைகாரர் டெட் பண்டியோடு ஹிங்க்லி கடிதத் தொடர்பில் இருந்தது வெளியே வந்தது. ஜோடி ஃபாஸ்டர் மீதான பித்தும் தீரவில்லை என்று தெரிந்தது. மருத்துவமனை மனுவைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. அடுத்த முக்கியமான படிக்கு 12 வருஷம் காத்திருக்க வேண்டியிருந்தது.

1999-ல் ஊழியர்கள் துணையோடு பகல் நேரத்தில் மட்டும் வெளியே போய்வர அனுமதி கிடைத்தது. 2003 டிசம்பரில் நீதிபதி பால் ஃப்ரீட்மேன், ஊழியர்கள் இல்லாமல் பெற்றோருடன் வெளியே செல்ல அனுமதித்தார். 2005-ல் வில்லியம்ஸ்பர்க்கில் உள்ள பெற்றோர் வீட்டில் சில இரவுகள் தங்கலாம் என்றார். அது மெல்ல மெல்ல நீண்டு, 2013-ல் 17 நாள்கள் வரை ஆனது. ஒவ்வொரு படிக்கும் மனு, விசாரணை, மருத்துவர்கள் சாட்சியம், அரசுத் தரப்பு எதிர்ப்பு. பெற்றோருக்கும் வயதாகிக்கொண்டே போனது.

இதில் ஒரு சின்ன சம்பவம் ரொம்ப முக்கியம். 2011-ல் வீட்டுக்குப் போயிருந்தபோது சினிமாவுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனார் ஹிங்க்லி. போகவில்லை. பக்கத்தில் இருந்த புத்தகக் கடைக்குள் போனார். சீக்ரெட் சர்வீஸ் ஆள்கள் அவருக்குத் தெரியாமல் பின்தொடர்ந்துகொண்டிருந்தார்கள். ரீகன் பற்றிய புத்தகங்கள் இருந்த அலமாரி முன் அவர் நின்றதாக அவர்கள் அறிக்கை கொடுத்தார்கள். மருத்துவர்களிடம் இவரோ படம் பார்த்ததாகவே சொன்னார்.

அரசுத் தரப்பு இதை விடுமா? ‘பாருங்கள், இன்னும் பொய் சொல்கிறார், இன்னும் ரீகன் புத்தகத்தைத் தேடுகிறார்’ என்று நீதிமன்றத்தில் வைத்தார்கள். வேறு யாராவது படத்துக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் புத்தகக் கடைக்குப் போயிருந்தால் அதற்கு ஒரு அர்த்தமும் கிடையாது. இங்கே அது எதிர்கால வன்முறைக்கான அறிகுறியா, 56 வயது மனிதரின் சாதாரண பொய்யா என்று நீதிபதி எடைபோட வேண்டியிருந்தது. இத்தனைக்கும், அவரது மனப்பிறழ்வும் பெரும் மனச்சோர்வும் அடங்கி இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டன என்று பின்னர் நீதிமன்றமே பதிவு செய்தது.

2016 செப்டம்பரில் தாயார் வீட்டில் நிரந்தரமாகத் தங்க அனுமதி கிடைத்தது. கூடவே பெரிய பட்டியலாக நிபந்தனைகள். மது கூடாது, துப்பாக்கி கூடாது, பத்திரிகைகளிடம் பேசக் கூடாது, ஜோடி ஃபாஸ்டரையோ பாதிக்கப்பட்ட குடும்பங்களையோ தொடர்புகொள்ளக் கூடாது, எங்கே இருக்கிறார் என்று காட்டும் போனோடுதான் வெளியே போக வேண்டும். 2018-ல் தனியாக வசிக்கலாம் என்றார்கள். 2020-ல் தன் பாடல்களையும் ஓவியங்களையும் சொந்தப் பெயரில் வெளியிடலாம் என்றார்கள். 2021-ல் தாயார் இறந்தார். அதே வருஷம் செப்டம்பரில் நிபந்தனையற்ற விடுதலைக்கு நீதிபதி ஒப்புதல் சொன்னார். அப்போது அவர் வெளிப்படையாகவே ஒன்றைச் சொன்னார்: சுடப்பட்டவர் அதிபராக இல்லாமல் இருந்திருந்தால், இவர் எப்போதோ முழு விடுதலை பெற்றிருப்பார் என்று.

அதற்கும் எதிர்ப்பு இருந்தது. ரீகனின் மகள் பாட்டி டேவிஸ் எதிர்த்து எழுதினார். ரீகன் அறக்கட்டளை எதிர்த்தது. அவர்கள் பக்கம் நியாயமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. 2014-ல் ஜேம்ஸ் பிராடி இறந்தபோது, 1981-ல் பாய்ந்த குண்டின் விளைவே மரணம் என்று கூறி அதைக் கொலை என வகைப்படுத்தினார் வர்ஜீனியா மருத்துவ அதிகாரி. புதிதாக வழக்குப் போடுவதில்லை என்று 2015-ல் அரசு வழக்கறிஞர்கள் முடிவெடுத்தார்கள். ஒரு குடும்பத்துக்கு 33 வருஷம் முடியாமலே இருந்த விஷயத்தை, ‘இவருக்கு நோய் தீர்ந்துவிட்டது’ என்ற ஒரு வரி ஆற்றிவிடாது. ஆனால் சட்டம் கேட்கும் கேள்வி, அவர் போதுமான அளவு கஷ்டப்பட்டாரா என்பதில்லை. நோய் இருக்கிறதா, ஆபத்து இருக்கிறதா என்பது மட்டும்தான். தண்டனைக் கணக்கை இங்கே கொண்டுவந்தால், அவரைக் குற்றவாளி அல்ல என்று சொன்ன தீர்ப்புக்கே பொருள் இல்லை.

யார் முடிவெடுப்பது?

ஒருவரை விடாமல் வைத்திருந்ததற்காக எந்த மருத்துவமனைக் கண்காணிப்பாளரும் தலைப்புச் செய்தி ஆவது அபூர்வம். விட்ட பிறகு அவர் ஏதாவது செய்தால் மறுநாளே எல்லாருக்கும் அந்தப் பெயர் தெரிந்துவிடும். கையெழுத்துப் போடுபவர் மனசில் இந்தக் கணக்கு ஓடாமல் இருக்காது. மருத்துவமனைக்குள் ஒருவர் அமைதியாக இருந்தால், ‘மாத்திரையாலும் நம் கண்காணிப்பாலும்தான் அமைதி’ என்று சொல்லிவிடலாம். வெளியே விட்டுப் பார்க்காமல் வெளியே எப்படி இருப்பார் என்று தெரியாது. தெரியாததால் வெளியே விடமாட்டார்கள்!

இந்த முடிச்சை அவிழ்க்க ஓரிகன் மாகாணம் 1970-களின் இறுதியிலேயே ஒரு வழி கண்டது. விடுதலை பற்றிய முடிவை ஒரு தனி வாரியத்திடம் கொடுத்தது. ஒரு மனநல மருத்துவர், ஒரு உளவியலாளர், ஒரு வழக்கறிஞர், நன்னடத்தைக் கண்காணிப்பில் அனுபவம் உள்ள ஒருவர், பொதுமக்களில் ஒருவர் என ஐந்து பேர் சேர்ந்து பொறுப்பை ஏற்கும் ஏற்பாடு அது. நிபந்தனையோடு வெளியே விட்டு, தொடர்ந்து கண்காணித்து, மாத்திரையை நிறுத்தினாலோ நோய் திரும்பினாலோ மீண்டும் அழைத்துக்கொள்ளலாம். முக்கியமான விஷயம், அங்கே ஒரு தேதி உண்டு. தண்டனை பெற்றிருந்தால் அதிகபட்சம் எவ்வளவு காலமோ, அந்தக் காலத்தோடு வாரியத்தின் அதிகாரமும் முடிந்துவிடும்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். சினிமாவில் வருகிற மாதிரி எல்லாரும் ‘பைத்தியம்’ என்று சொல்லித் தப்பிப்பதில்லை. அமெரிக்காவின் எட்டு மாகாணங்களில் நடத்தி 1991-ல் வெளியான ஆய்வின்படி, கடும் குற்ற வழக்குகளில் சுமார் 1 சதவீதத்தில்தான் இந்த வாதமே வைக்கப்படுகிறது. அதிலும் நாலில் ஒரு பங்குதான் ஜெயிக்கிறது.

இந்தியாவில் என்ன நிலை?

இந்திய தண்டனைச் சட்டத்தின் 84-வது பிரிவு, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 22-வது பிரிவாகியிருக்கிறது. சித்த சுவாதீனம் இல்லாததால், தான் செய்வது என்னவென்றோ அது தவறென்றோ அறிய முடியாத நிலையில் ஒருவர் செய்த செயல் குற்றமாகாது என்பதே சாரம்.

அப்படி விடுவிக்கப்பட்டவர் இங்கேயும் நேராக வீட்டுக்குப் போக முடியாது. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 374-வது பிரிவுப்படி நீதிமன்றம் அவரைப் பாதுகாப்பான காவலில் வைக்க உத்தரவிடலாம், அல்லது உறவினர், நண்பரிடம் ஒப்படைக்கலாம். காவலுக்குப் போனவரை எப்போது விடுவது? அவரால் அவருக்கோ பிறருக்கோ தீங்கு வராது என்று உரிய அதிகாரிகள் சான்று கொடுத்தால், 377-வது பிரிவின்படி மாநில அரசு முடிவெடுக்கும். விடுவிக்கலாம், தொடர்ந்து காவலிலும் வைக்கலாம். ஹிங்க்லிக்கு ஒவ்வொரு படியிலும் ஒரு நீதிபதி இருந்தார். இங்கே கோப்பு போகும் இடம் அரசு அலுவலகம்.

கோப்பு எங்காவது தங்கிவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அசாம் சாட்சி. அங்கே 1951-ல் கைதான ஒரு பழங்குடி இளைஞர் தேஜ்பூர் மனநல மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டார். 1967-லேயே அவர் நலமாகிவிட்டார் என்று மருத்துவமனை சொல்லியும், 2005-ல்தான் வெளியே வந்தார். அவர் விஷயத்தில் தீர்ப்பு என்ற ஒன்றே வரவில்லை, விசாரணையே நடக்கவில்லை. 54 வருஷம் கழித்து ஒரு ரூபாய் பிணையில் விட்டார்கள்.

சட்டத்தில் இன்னொரு வாசல், 378-வது பிரிவு. உறவினரோ நண்பரோ விண்ணப்பித்து, நன்றாகப் பார்த்துக்கொள்வேன், யாருக்கும் தீங்கு நேராமல் தடுப்பேன் என்று உறுதிப் பத்திரம் கொடுத்தால் அவரிடம் ஒப்படைக்கலாம். கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. ஆனால் தீவிர மனநோயின் பிடியில் நடக்கும் தாக்குதல்களில் அடிபடுவது பல நேரம் அதே வீட்டில் இருப்பவர்கள்தான். மனைவி, அம்மா, அண்ணன். அம்மாவை இழந்த வீட்டில், தம்பியை அழைத்துவர அண்ணன் கையெழுத்துப் போட வேண்டும். போடத் தயங்கினால் அவரைக் குறை சொல்லவும் முடியாது.

2017-ம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், 19-வது பிரிவில் இதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறது. குடும்பம் இல்லை, குடும்பம் ஏற்கவில்லை, வீடு இல்லை என்ற காரணத்துக்காக மட்டும் ஒருவரை மனநல மருத்துவமனையிலேயே வைத்திருக்கக் கூடாது. அப்படிப்பட்டவர்கள் தங்க இடைநிலை இல்லங்களையும் குழு இல்லங்களையும் அரசு ஏற்படுத்த வேண்டும் என்கிறது அது. 378-வது பிரிவில் மனுப் போடக்கூடியவர்கள் மட்டும் பழையபடி இரண்டே பேர்: உறவினர், நண்பர்.